பட்டறைக்காரர் பதில்கள்: முதலில் தரையைப் பாருங்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஃபோர்க்லிஃப்ட் டயர் வாங்குவதற்கு முன்னால் வண்டியைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள்." அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் டயர் பிரஸ் பக்கத்தில் நின்று ரப்பர் வாசனையோடு வீட்டுக்குப் போனவன் நான். ஆகவே இந்த முறை முழுக்க, கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டயர்தான். பேட்டரி பற்றியும் செயின் பற்றியும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் வருகிறேன்.

ஐயா, நான் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன். நான்கு ஃபோர்க்லிஃப்ட்டுகளுக்கு டயர் விசாரித்தால் குஷன், சாலிட், நியூமேட்டிக், பி.யூ. என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இதில் எது நல்லது?
– ஒரு கொள்முதல் எழுத்தர்

தம்பி, எது நல்ல செருப்பு என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? எங்கே நடக்கப் போகிறீர்கள் என்றுதானே திருப்பிக் கேட்பார்? நானும் அதையேதான் கேட்பேன். உங்கள் நான்கு வண்டிகளும் ஒரு நாள் முழுக்க எங்கெங்கே போய் வருகின்றன என்று பின்னாலேயே நடந்து பாருங்கள். வாசலைத் தாண்டுகிறதா, மழைநீர் தேங்கும் இடம் உண்டா, தரையில் ஆணியும் இரும்புச் சுருளும் கிடக்கிறதா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெயர்களுக்கு வரலாம்.

குஷன் டயர் என்பது இரும்பு வளையத்தின் மேல் ரப்பரை ஒட்டி வேகவைத்தது. காற்றும் கிடையாது, டியூபும் கிடையாது. நூறு டன்னுக்கு மேல் அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து, சக்கரத்தின் மேல் அப்படியே ஏற்றிவிடுவோம். போல்ட், நட்டு எதுவும் இல்லாமல் அந்த இறுக்கம் ஒன்றேதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். இந்த டயர் உள்ள வண்டி தரையோடு தாழ்ந்து நிற்கும், சின்ன இடத்தில் திரும்பும். வழவழப்பான கான்கிரீட் தளமும் குறுகலான சந்துகளும் உள்ள கிடங்குக்கு இதுதான் பொருத்தம். சரளைக் கல்லில் இறக்கினீர்களோ, வண்டியை மீட்க இன்னொரு வண்டி வரவேண்டும்.

நியூமேட்டிக் என்றால் காற்று டயர். லாரி டயரின் தம்பி மாதிரி இருக்கும். வெளி முற்றம், மண் தரை, மேடு பள்ளம், மரக்கிடங்கு இதெல்லாம் இதன் ராஜ்ஜியம். குலுக்கல் குறைவு, பிடிப்பு அதிகம். எதிரி ஒன்றே ஒன்று, பஞ்சர்.

குழப்பம் அடுத்த வகையில்தான் வருகிறது. 'சாலிட் நியூமேட்டிக்' என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். காற்றே இல்லாத ஒன்றுக்குக் காற்று டயர் என்று பெயர்! காற்று டயர் மாட்டும் அதே ரிம்மில் இதையும் மாட்டலாம் என்பதால் வந்த பெயர் அது. நாங்கள் சுருக்கமாகச் சாலிட் என்போம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று அடுக்கு தெரியும். ரிம்மைக் கவ்விப் பிடிக்க அடியில் இரும்புக் கம்பி வளையங்களோடு கெட்டி ரப்பர், நடுவில் அதிர்ச்சியைத் தாங்க மெத்தென்ற ரப்பர், மேலே தேய்மானத்தைத் தாங்கும் ரப்பர். உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி ஓடும் வண்டிக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன்.

பி.யூ. என்பது பாலியூரித்தேன். இது ரப்பரே இல்லை. மின்சார ரீச் டிரக் (உயரமான ரேக்குக்குள் ஃபோர்க்கை நீட்டிச் சரக்கு வைப்பது), பேலட் டிரக் (சரக்கை அடிப்பலகையோடு, அதாவது பேலட்டோடு, நகர்த்துவது) மாதிரி உள்ளேயே ஓடும் வண்டிகளுக்கானது. அதைப் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார்.

இன்னொன்று. குஷன் டயருக்காகக் கட்டிய வண்டியில் நியூமேட்டிக் மாட்ட முடியுமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். முடியாது. அச்சு, சட்டத்தின் உயரம், பிரேக் டிரம் எல்லாமே வேறு. அது வேறு வண்டி, அவ்வளவுதான்.

அண்ணே, பத்து வருஷம் லாரி ஓட்டினேன், முதுகுக்கு ஒன்றும் வரவில்லை. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வந்து ஒரே வருஷத்தில் இடுப்பு போய்விட்டது. சாலிட் டயரை மாற்றி காற்று டயர் போடச் சொன்னால் முதலாளி சிரிக்கிறார்.
– ஒரு ஆபரேட்டர்

முதலாளி சிரிப்பதை நிறுத்திவிட்டு வண்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்க்கட்டும். உங்கள் லாரியில் பட்டை ஸ்பிரிங் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட்டில் முன் அச்சைச் சட்டத்தோடு நேராக இறுக்கியிருப்பார்கள். பின் அச்சு நடுவில் ஒரு முளையில் மாட்டிக்கொண்டு சீசா பலகை மாதிரி மேலும் கீழும் ஆடும், அதிலும் ஸ்பிரிங் கிடையாது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஸ்பிரிங் இருந்தால், இரண்டு டன் சரக்கை நாலு மீட்டர் உயரத்தில் தூக்கி நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கம் அமுங்கிச் சாயும். ஆக, உங்களுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற ஸ்பிரிங், சீட்டை விட்டால், டயர் மட்டும்தான்.

தேய்ந்த சாலிட் டயரில் மெத்தென்ற நடு அடுக்குக்கு மேலே இருந்த ரப்பர் போய்விட்டிருக்கும். மிச்சம் இருக்கிற ரப்பர் குறையக் குறைய குலுக்கல் கூடும். "இன்னும் ஓடும்" என்று அவர் தள்ளிப்போடும் கடைசி நாட்களில்தான் உங்கள் இடுப்பு அதிகம் வாங்குகிறது. காற்று டயருக்கு மாறுவது தரையைப் பொறுத்தது. ஆணி கிடக்கும் இடமென்றால் நானே வேண்டாம் என்பேன். அதற்குப் பதில் மூன்று காரியம் செய்யலாம்: நேரத்துக்குப் புது சாலிட் மாற்றுவது, சீட்டின் எடைத் திருகை உங்கள் எடைக்குத் திருப்பி வைப்பது, வாசல் நிலைப்படியில் உள்ள பள்ளத்தைச் சிமென்ட் போட்டு மூடுவது. மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை, அதுதான் மூன்றிலும் செலவு குறைந்தது.

டயர் பக்கவாட்டில் 28×9-15, 7.00-12, 21×7×15 என்றெல்லாம் இருக்கிறது. என்ன கணக்கு?
– கிடங்குக் கணக்காளர்

எல்லாம் அங்குலம். 28×9-15 என்றால் வெளி விட்டம் 28, அகலம் 9, மாட்டும் ரிம்மின் விட்டம் 15. 7.00-12 என்பது பழைய பாணி, அகலம் 7, ரிம் 12. இதில் வெளி விட்டத்தைச் சொல்வதில்லை. 21×7×15 என்று இரண்டு பெருக்கல் குறி வந்தால் அது குஷன் டயர்: வெளி விட்டம் 21, அகலம் 7, உள் விட்டம் 15. 21-இல் 15 போக 6, அதில் பாதி 3. ரப்பரும் இரும்பு வளையமும் சேர்ந்து மூன்று அங்குலத் தடிமன். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த மூன்று அங்குலத்தில் உள்ள ரப்பரைத்தான்.

கடைசியில் கோடா, பெருக்கல் குறியா என்று பார்க்காமல் ஆர்டர் போட்டு, வந்த டயரைத் திருப்பி அனுப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியான அளவு வண்டியின் விவரத் தகட்டிலேயே இருக்கும். பழைய டயரைப் பார்த்து எழுதாதீர்கள். அதை மாட்டியவர் தப்பாக மாட்டியிருக்கலாம்.

எங்கள் கிடங்கில் வெள்ளைத் தரை. கறுப்பு டயர் கோடு கோடாகப் போட்டுவிடுகிறது. வெள்ளை டயருக்கு மாறலாமா? நாங்கள் பெயின்ட்டும் தின்னரும் சேமிக்கிறோம்.
– ஒரு கிடங்கு மேலாளர்

கடைசி வாக்கியத்தை முதலில் எழுதியிருக்கலாமே சார்!

ரப்பர் பிறவியிலேயே கறுப்பு இல்லை. மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர் வெளிறிய நிறம்தான். அதில் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூளைச் சேர்ப்பதால்தான் கறுப்பாகிறது. அந்தக் கரி அழகுக்காகச் சேர்ப்பதில்லை, தேய்மானத்தைத் தாங்கும் பலமே அதில்தான் வருகிறது. உங்கள் தரையில் கோடு போடுவதும் அதே கரிதான். நான்-மார்க்கிங் டயரில் கரிக்குப் பதில் சிலிக்கா போன்றவற்றைச் சேர்ப்பார்கள். வெள்ளையாக, சாம்பலாக இருக்கும், கோடு போடாது. உணவுப் பண்டம், மருந்து, காகிதம் வைக்கிற இடங்களில் இதைக் கட்டாயமாகவே கேட்பார்கள். கொஞ்சம் சீக்கிரம் தேயும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் தின்னருக்கு வருகிறேன். கரி மின்சாரத்தைக் கடத்தும், சிலிக்கா கடத்தாது. வண்டி ஓட ஓட உராய்வில் சேரும் நிலைமின்சாரம் கறுப்பு டயர் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். வெள்ளை டயரில் இறங்க வழியில்லாமல் வண்டியிலேயே தங்கும். சாதாரணக் கிடங்கில் ஆபரேட்டர் இறங்கி இரும்பு ரேக்கைத் தொடும்போது சுருக்கென்று ஒரு கடி கடிக்கும், அதோடு போய்விடும். தின்னர் ஆவி நிற்கிற இடத்தில் அந்தப் பொறி ஒன்று போதும்.

அதனால், எளிதில் தீப்பற்றும் பொருள் உள்ள பகுதிக்குள் போகும் வண்டி அப்படிப்பட்ட இடத்துக்கென்றே சான்று பெற்றதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் எந்த நிற டயரும் உதவாது. சான்று பெற்ற வண்டி என்றால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் மின்கடத்தும் டயர் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். தின்னர் பக்கமே போகாத வண்டிகளுக்கு வெள்ளை டயர் மாட்டிக்கொள்ளலாம். அடியில் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கும் நிலைமின்சாரப் பட்டையைச் சேர்த்து மாட்டுங்கள். பட்டை தேய்ந்து தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருக்கும் வண்டிகளே அதிகம், மாதம் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

முன்னால் உள்ள இரண்டு டயரில் ஒன்று மட்டும் பிய்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?
– சிறுதொழில் நடத்துபவர்

போதாது. இதை நான் என் மூக்கு உடைபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். ஒரு வாடிக்கையாளர் வண்டியில் மாஸ்ட் (ஃபோர்க்கை மேலே ஏற்றி இறக்கும் முன்பக்கத் தூண்) ஒரு பக்கம் சாய்கிறது, மேல் தட்டில் பேலட் வைக்கும்போது ரேக்கில் இடிக்கிறது என்று புகார். மாஸ்ட் என்றதும் செயின் நீண்டிருக்கும் என்று நினைத்தேன். இரண்டு செயினையும் அளந்தேன், சரியாக இருந்தன. ரோலர்களைக் கழற்றினேன், டில்ட் சிலிண்டரைப் பார்த்தேன், புஷ் மாற்றினேன். மூன்று நாள் போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம், கூட்டிப் பெருக்க வந்த பையன் கேட்டான்: "அண்ணே, இந்த டயர் மட்டும் ஏன் குட்டையா இருக்கு?"

இடது டயர் புதுசு, வலது பழசு. ஆரத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். முன் சக்கரங்களுக்கு நடுவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வென்றால், நாலரை மீட்டர் உயரத்தில் நாலரை சென்டிமீட்டர். தரையில் விரல் அகலம், மேலே மூன்று விரல் அகலம். அதற்குமேல் இரண்டு டன் சரக்கு.

இன்னொரு கெடுதலும் உண்டு. குட்டை டயர் நேர்ப் பாதையில் கூட நெட்டையை விட வேகமாகச் சுற்றியாக வேண்டும். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுப்பான டிஃபரன்ஷியல் நாள் முழுக்க ஓய்வில்லாமல் வேலை செய்யும். அதனால் ஒரே அச்சில் உள்ளதை ஜோடியாக மாற்றுங்கள். கழற்றிய நல்ல டயரைத் தூக்கிப் போட வேண்டாம். அதே அளவு தேய்ந்த ஜோடி கிடைக்கும்வரை ஓரமாக வையுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் சாலிட், மறுபக்கம் காற்று என்று மாட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சார், பின் டயர் ஏன் சின்னதாக இருக்கிறது? கனமான எடைக்கட்டை பின்னால்தானே இருக்கிறது?
– ஒரு பாலிடெக்னிக் மாணவி

நல்ல கேள்வி அம்மா. ஒரு கணக்குப் போடுவோம். வண்டி 4 டன், சரக்கு 2.5 டன், மொத்தம் 6.5. முழு லோடில் முன் அச்சு இதில் 85 முதல் 90 சதவீதம் வரை சுமக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஒரு சீசா பலகை, முன் சக்கரம்தான் அதன் தாங்குபுள்ளி. உத்தேசமாக 5.7 டன் என்று வைத்தால் ஒவ்வொரு முன் டயர் மேலும் இரண்டே முக்கால் டன்னுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் மிஞ்சுவது ஒரு டன்கூட இல்லை. சரக்கை இறக்கியதும் கணக்கு புரண்டுவிடும். வெறும் வண்டியின் எடையில் பாதிக்கு மேல் பின்னால் போய்விடும். ஆக, பின் டயருக்குச் சுமை அதிகம் இருப்பது வெறும் வண்டியாக ஓடும்போதுதான். அதுவும் முன் டயர் தாங்குவதில் பாதிகூட வராது.

பின் டயரின் கஷ்டம் வேறு. திரும்புவது அதுதான். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அழிப்பான் காகிதத்தைத் தேய்ப்பது போல் ரப்பர் தரையைத் தேய்க்கும். டயர் அட்டவணைகளைப் பார்த்தால் ஒரே டயருக்கு லோடு பக்கம் ஒரு எண், ஸ்டியரிங் பக்கம் அதைவிடக் குறைந்த எண் போட்டிருப்பது இதனால்தான். வண்டி கொஞ்சமாவது நகரும்போது ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தால் பின் டயரின் ஆயுள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நீளும்.

பழைய இரும்புக் கடை நடத்துகிறேன். வாரத்துக்கு இரண்டு பஞ்சர். டயருக்குள் ஃபோம் நிரப்பித் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?
– இரும்பு வியாபாரி

ஃபோம் என்று சொன்னாலும் அது கெட்டியான ஒரு பாலியூரித்தேன் கலவை. திரவமாக உள்ளே செலுத்தினால் இறுகிவிடும். பஞ்சர் நிற்கும், அது உண்மை. ஆனால் சக்கரத்தின் எடை ஏறும். டயர் தேய்ந்ததும் உள்ளே நிரப்பிய காசும் அதோடு குப்பைக்குப் போகும், ரிம்மை மீட்க அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ரிம் அளவுக்குச் சாலிட் கிடைக்கும்போது நான் ஃபோம் பக்கம் போக மாட்டேன். சாலிட் கிடைக்காத பெரிய அளவுகளுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

உங்கள் இடத்தில் தரை கரடுமுரடு, ஆனால் தூரம் குறைவு என்று நினைக்கிறேன். அப்படியானால் சாலிட் சரி. தூரம் அதிகமென்றால் ஜாக்கிரதை. சாலிட் டயரின் பரம எதிரி ஆணி இல்லை, சூடு. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி விரிகிறது, அதில் சூடு பிறக்கிறது, தடித்த ரப்பரிலிருந்து அந்தச் சூடு வெளியேற வழியில்லை. முழு லோடோடு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நீண்ட தூரம் ஓடிக்கொண்டே இருந்தால், வெளியே பார்க்க நன்றாக இருக்கும் டயர் உள்ளே கூழாகிவிடும். அப்படி ஒன்றை வெட்டிப் பார்த்திருக்கிறேன், களிம்பு மாதிரி வழிந்தது. இந்த டயர்களின் லோடு அட்டவணைகள் மணிக்கு 25 கிலோமீட்டரோடு பெரும்பாலும் நின்றுவிடும். அதற்குமேல் இழுக்கிற வேலை லாரிக்கு உரியது.

ஒரு காந்தப் பட்டையை ஃபோர்க்லிஃப்ட்டின் பின்னால் தரையை ஒட்டித் தொங்கவிடுங்கள். சாயங்காலம் அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் பஞ்சர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

ரீச் டிரக்கின் பி.யூ. சக்கரம் ஆறே மாதத்தில் இரும்பிலிருந்து உரிந்து வந்துவிட்டது. டயர் தரமில்லாததா? இன்னொன்று: குளிர் அறையில் வண்டி வழுக்குகிறது.
– பராமரிப்புப் பொறியாளர்

தரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பாலியூரித்தேன் ரப்பரை விடக் கெட்டி. அதனால் சின்னச் சக்கரத்தில் பெரிய எடையைச் சுமக்கும், உருள்வதற்குக் குறைந்த சக்தியே வேண்டும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். எண்ணெய் பட்டாலும் ரப்பர் மாதிரி ஊதாது. இவ்வளவு குணத்துக்கும் ஒரு பலவீனம், சூட்டைச் சகிக்காது. இரண்டு ஷிஃப்ட் ஓடும் வண்டியை மூன்று ஷிஃப்ட் ஓட்ட ஆரம்பித்தீர்களா என்பது முதல் விஷயம். இரும்போடு ஒட்டியிருக்கும் இடம் சூடேறினால் ஒட்டு விட்டுவிடும். சுடுநீரோ நீராவியோ ஊற்றித் தரை கழுவுகிறார்களா என்பது இரண்டாவது. அதுவும் பி.யூ.வுக்கு ஆகாது. மூன்றாவது, விரிசல் விட்ட தரை இணைப்புகள். கெட்டியான பொருள் ஓரத்தில் இடிபட்டால் துண்டு துண்டாகப் பெயரும்.

குளிர் அறையைப் பொறுத்தவரை, வழுக்குவதற்குப் பாதிக் காரணம் கதவு. வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வந்து தரையில் பனிப்படலமாக உறைகிறது, அதன் மேல் கெட்டியான பி.யூ. எப்படிப் பிடிக்கும்? ஓட்டும் சக்கரத்துக்கு மட்டும் நெருக்கமான வெட்டுக்கோடுகள் போட்டது, அல்லது குளிருக்கென்று செய்த மென்மையான கலவை கேளுங்கள். முன்னால் உள்ள சின்ன லோடு சக்கரங்களுக்கு அது தேவையில்லை, அவை உருண்டால் போதும். கதவுத் திரையையும் சரிசெய்யுங்கள்.

டயரை எப்போது மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பலர்

சாலிட் டயரின் பக்கச்சுவரில் சுற்றிவர ஒரு தேய்மானக் கோடு இருக்கும், சிலவற்றில் 60 ஜே என்று பொறித்திருப்பார்கள். ரப்பர் அந்தக் கோட்டைத் தொட்டால் மாற்றிவிடுங்கள். குஷன் டயரில் பக்கவாட்டு எழுத்துகளின் மேல் விளிம்பு வரை தேய்ந்தால் போதும். இது சுலபமான பகுதி.

கோட்டைத் தொடும் முன்பே மாற்ற வேண்டிய நிலைகளும் உண்டு. கைப்பிடி அளவுக்கு ரப்பர் பெயர்ந்திருப்பது, சுற்றிவர ஆழமான வெடிப்பு, இரும்பிலிருந்து ரப்பர் விட்டுப்போவது, ஒரே இடத்தில் தட்டையாகிப் போவது. சக்கரத்தின் மேலும் டயரின் மேலுமாகச் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தக் கோடு இரண்டாக உடைந்து தள்ளித் தள்ளி நின்றால் டயர் சக்கரத்தின் மேல் வழுக்குகிறது என்று அர்த்தம். வேறெந்தக் கருவியும் வேண்டாம்.

காற்று டயருக்கு, தினமும் காலையில் டயர் ஆறியிருக்கும்போதே காற்று பாருங்கள். கார் டயருக்கு முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ. போதும். இதற்கு நூறுக்கு மேல் போகும், சரியான எண்ணைத் தகட்டில் பாருங்கள். ஒரு பக்கம் காற்று குறைந்தால் என்ன ஆகும் என்பதை மேலே மாஸ்ட் கதையில் சொல்லிவிட்டேன்.

காற்று டயரை நாங்களே கழற்றிப் பஞ்சர் ஒட்டலாமா? ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் இருக்கிறது.
– ஒரு மரக்கிடங்கு உரிமையாளர்

ஸ்பேனர் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நிறைய ஃபோர்க்லிஃப்ட் ரிம்கள் இரண்டு பாதிகளாக இருக்கும். இரண்டு தட்டைக் கவிழ்த்து மூடியது போல, சுற்றிவர போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அதே ரிம்மை வண்டியோடு பிடிக்க இன்னொரு வட்டம் நட்டு. அவசரத்தில் பார்த்தால் இரண்டு வட்டமும் ஒன்று போலவே தெரியும். காற்று நிறைந்த டயரில் தப்பான வட்டத்தைக் கழற்றினால், நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் உள்ள காற்று அத்தனையும் அந்தப் பாதி ரிம்மைக் குண்டு மாதிரி வீசும்.

நான் வேலை செய்த ஓரிடத்தில் இது நடந்தது. புதிதாக வந்த உதவியாளர், சாப்பாட்டு நேரம், யாரும் பக்கத்தில் இல்லை. நாலு நட்டைத் தளர்த்திவிட்டு ஐந்தாவதுக்குப் பெரிய ஸ்பேனர் எடுக்க எழுந்து போயிருக்கிறான். அந்த நிமிஷத்தில் வெடித்தது. ரிம்மின் பாதி கூரைத் தகட்டில் குத்தி நின்றது. சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவன் ஸ்பேனரோடு கருவி அலமாரி முன்னால் நின்றபடி நடுங்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனை யாரும் திட்டவில்லை. அவனுக்கு எந்த வட்டம் எது என்று நாங்கள் காட்டித்தரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்னால், ஜாக்கியில் ஏற்றியதும், வால்வின் உள்முள்ளை எடுத்துக் காற்று முழுவதையும் விட வேண்டும். வால்வுத் துளையில் கம்பி விட்டு அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர். ஒட்டியபின் காற்று நிரப்பும்போது டயர் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும், நீங்கள் நீளமான குழாயின் மறு முனையில் ஒதுங்கி நிற்க வேண்டும். கூண்டு இல்லையா? அப்படியானால் கூண்டு உள்ளவரிடம் கொண்டு போங்கள். ரிம் போல்ட்டுகளின் தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்து வையுங்கள், இன்றைக்கே.

தேய்ந்த சாலிட் டயரில் பூந்தொட்டி செய்யலாமா?
– ஒரு தோட்டப் பிரியர்

செய்யலாம். ஒருமுறை வைத்தால் அதுதான் இடம், இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த மூச்சு வாங்கும். நடுவில் இருக்கிற ஓட்டையும் அவ்வளவு பெரிதில்லை, ரோஜாவுக்குப் போதாது. கற்றாழை வையுங்கள்.

காலையில் வண்டியை எடுத்ததும் தட் தட் என்று சத்தம் வருகிறது. பத்து நிமிஷத்தில் போய்விடுகிறது. டயரா, பேரிங்கா?
– காலை ஷிஃப்ட் ஆபரேட்டர்

பத்து நிமிஷத்தில் போகிறதென்றால் டயர். ராத்திரி முழுக்கச் சரக்கோடு நிறுத்தியிருப்பார்கள். தரையைத் தொட்ட இடம் தட்டையாகி, ஓடிச் சூடேறியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. பேரிங் என்றால் ஓட ஓட அதிகமாகுமே தவிர குறையாது. இன்றைக்கு ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, சரக்கில்லாமல் நிறுத்திப் பாருங்கள். நாளைக் காலையிலும் சத்தம் வந்தால் எழுதுங்கள்.